அமைதிப் பாறைக்குப் போகிற வழி

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த இங்கேலாவின் முதுகுக்குப் பின்னால் யாரோ செருமினார்கள். திரும்பினால், வெயில் தொப்பி வைத்த ஒரு பெண்ணும் அவள் கணவனும் வேலிக்கதவைத் தாங்களே திறந்துகொண்டு முற்றத்துக்குள் வந்து நின்றிருந்தார்கள். பெண்ணின் கையில் மடித்த செய்தித்தாள்.

"அமைதிப் பாறைக்கு இப்படித்தானே போகணும்?"

"அப்படி ஒரு பாறை இந்தத் தீவுல கிடையாதுங்க."

அந்தப் பெண் விஷயம் தெரிந்தவளைப்போலச் சிரித்தாள். "நீங்க இப்படித்தான் சொல்வீங்கன்னு இதுலயே போட்டிருக்கு."

இங்கேலா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தாள். 'உள்ளூர்க்காரன் சொல்கிறேன்' என்ற தலைப்புக்குக் கீழே அவளுடைய முன்னாள் கணவன் ரூனாரின் முகம், பக்கத்தில் ஒரு பாறையின் படம். கடற்படைத் தொப்பியைக் கழற்றி வருஷங்கள் ஆகியும் அந்த நிமிர்ந்த மோவாய் இறங்கவில்லை. 'கார்ல்ஸ்க்ரோனாவுக்கு வருகிறவர்கள் பழைய போர்க்கப்பல்களைப் பார்த்துவிட்டு, சதுக்கத்தில் ஒரு ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். மீன்சந்தைத் துறையில் காலைப் படகைப் பிடித்துத் தோர்னோ தீவுக்குப் போங்கள். கடைசிச் சிவப்பு வீட்டின் முற்றத்தைக் கடந்தால் ஒற்றையடிப் பாதை, அதன் முடிவில் எங்கள் அமைதிப் பாறை. தட்டையானது, வெதுவெதுப்பானது, குழந்தைகளோடு குளிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. வீட்டுக்கார அம்மாள் முகத்தைக் கடுகடுவென்று வைத்திருப்பார். பயப்படாதீர்கள். ஒரு வணக்கம் சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருங்கள்.'

"வணக்கம்," என்றான் அந்தக் கணவன், மரியாதையாகவே.

இருவரும் தொங்கிய படுக்கை விரிப்புகளை விலக்கிக்கொண்டு பைன் மரங்களுக்குள் போய்விட்டார்கள்.

ரூனார் அந்தக் கடற்கரைக்காரன் இல்லை. கோதுமை வயல்களுக்கு நடுவே பிறந்து, கடற்படையில் சேர்ந்து கார்ல்ஸ்க்ரோனாவுக்கு வந்தவன். அப்போதெல்லாம் அந்தத் தீவுகளில் வெளிநாட்டார் கால் வைக்கக் கூடாது; படகுத்துறைக்குத் துறை கடற்படையின் தடைப்பலகை நின்றது. பலகை நட்டவர்களில் ஒருவனாக வந்த ரூனாருக்குச் சின்னப் படகில் ஏறத் தெரியாது. "மாடு மச்சுப்படி ஏறுற மாதிரி ஏறுறான் உன் ஆளு," என்று இங்கேலாவின் அப்பா தூரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனாலும் அவர்தான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தார். தென்மேற்குக் காற்று எழும்பினால் எந்தத் தீவின் மறைவில் ஒதுங்குவது, புகையிட்ட விலாங்கை யார் வீட்டுப் பின்வாசலில் கேட்டால் கிடைக்கும், ஆழம்காட்டும் படத்தில் இல்லாத பாறைகள் எங்கே கிடக்கின்றன என்றெல்லாம் அப்பாவும் மகளுமாகச் சொல்லிக்கொடுத்துத்தான் அவனை உள்ளூர்க்காரன் ஆக்கினார்கள்.

கல்யாணம் பண்ணி, மகள் உல்ரிகாவைப் பெற்று வளர்த்து, தலை நரைத்த பிறகு ஒருநாள் அவன் நகரத்துக்குக் குடிபோனான். வேறொருத்தியோடுதான். இங்கேலா அழுது முடித்தாள். நகரத்துப் பல் மருத்துவமனைக்கு வழக்கம்போல வேலைக்குப் போய்வந்தாள். பிறகு ஓய்வும் பெற்றாள். பிரிவின்போது வீடு அவளுக்கு, படகு அவனுக்கு என்று பேச்சாயிற்று. தீவுகளைப் பற்றி யாரும் பேசவில்லை. அதையெல்லாம் பங்கு பிரிக்க வேண்டியிருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

பத்திரிகையில் அவன் எழுத ஆரம்பித்ததும் ஒவ்வொன்றாகப் போனது. முதலில் விலாங்கு விற்ற வீடு. அந்தக் கிழவர் பின்வாசலைப் பூட்டிவிட்டார். அப்புறம் அப்பா வலை உலர்த்திய குடா. ஊரான் வீட்டு நெய்யே, பெண்டாட்டி கையே என்று வாரி வழங்கினான். படகோட்டி ஆல்வார்கூட அவளிடமே சொன்னான்: "ரூனாருக்குத் தெரியாத பாறையே இல்ல போ. நம்மள மாதிரி ஆளுங்களுக்கு வாயும் இல்ல, எழுத்தும் இல்ல." இங்கேலா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஆனால் இந்தப் பாறை வேறு.

அதற்குத் தட்டைப் பாறை என்றுதான் பெயர். நீருக்குள்ளும் கொஞ்ச தூரம் தட்டையாகவே போகும், முழங்கால் அளவு, பாசி படிந்து. பிறகு சுவர் இடிந்தாற்போல ஒரே இறக்கம். அவளுடைய தம்பி எஸ்கில் ஒன்பது வயதில் அங்கேதான் வழுக்கிப் போனான். ரூனாருக்கு அது தெரியும். நிச்சயம் செய்துகொண்ட கோடையில் அவனை அங்கே கூட்டிப்போய் உட்காரவைத்து, அவன் தோளில் சாய்ந்து அழுதுகொண்டே அவள் சொன்ன கதை அது.

மறுநாள் காலைப் படகிலேயே நகரத்துக்குப் போனாள். ரூனார் வழக்கமாக உட்காரும் காபிக்கடை அவளுக்குத் தெரியும். ஏலக்காய் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு அங்கேதான் இருந்தான்.

"இங்கேலா! உக்காரு. என்ன சாப்புடுற?"

"அந்தப் பாறைய எதுக்கு எழுதுன?"

"அழகான இடம். நாமளே வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறோம்?"

"குழந்தைகளோட குளிக்க நல்ல இடம்னு எழுதியிருக்க. எஸ்கில் ஞாபகமே வரலயா உனக்கு?"

ரூனார் குரலைத் தாழ்த்தினான். "வந்துச்சு. ஆனா லீவுல ஊரு சுத்த வர்றவனுக்குச் சாவுச் செய்தியா குடுக்கிறது? அது அம்பது வருஷத்துக் கதை. இன்னிக்குப் பிள்ளைங்க எல்லாத்துக்கும் நீச்சல் தெரியும்."

"அந்த இறக்கத்தைப் பத்தி ஒரு வரி எழுது. அடுத்த வாரமே எழுது. மத்ததெல்லாம் உன் இஷ்டம்."

"ஆபத்துன்னு எழுதுனா யாரு வருவா? உனக்கு அவங்க வர்றதே பிடிக்கல. அதைச் சொல்லு நேரா."

"என் முற்றத்துல வழி விட்டிருக்க. என் மூஞ்சியப் பத்தி எழுதியிருக்க. அதைக்கூட நான் கேக்கல பாரு."

"வேடிக்கைக்கு எழுதுனது. படிச்சவங்க ரசிச்சாங்க." அவன் ரொட்டித்தூளைத் தட்டிவிட்டான். "அந்த இடத்தை எனக்குக் காட்டினதே நீதான். காட்டிட்டா அது எனக்கும் இடம்தான்."

கிளம்பத் திரும்பியவள் நின்றாள். "படத்தை யாரு எடுத்தது? உன் படகு தீவுப் பக்கம் வரலயே."

"உல்ரிகா," என்றான். "மே மாசம் உன்னைப் பாக்க வந்தப்போ."

மே மாதம் உல்ரிகா வந்ததும், இரவு தங்கியதும், காலையில் கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று போனதும் இங்கேலாவுக்கு நினைவிருந்தது. அன்றைக்கு மகளுக்குப் பிடிக்குமே என்று பன்றி இறைச்சி வைத்து உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை செய்திருந்தாள். திரும்பும் படகில் இங்கேலா கீழே உட்காரவில்லை. முகத்தில் காற்று அடிக்கட்டும் என்று மேல்தளத்திலேயே நின்றாள்.

ரூனார் எழுதவில்லை. அவளே ஒரு பலகையில் வண்ணம் தீட்டினாள்: 'திடீர் ஆழம். குழந்தைகளை இறக்காதீர்கள்.' பாதை முடிவில் கொண்டுபோய் நட்டாள். வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். கடுகடு அம்மாளின் கைவரிசை என்று அவர்களுக்கே புரிந்துவிட்டதாம். இங்கேலா பாறைக்கே போய் நின்று வாயாலும் சொன்னாள்.

"காட்டுல நடங்க, கரையில நடங்க, நான் கேக்கவே மாட்டேன். தண்ணிக்குள்ள மட்டும் பிள்ளைய விடாதீங்க."

"சரிங்கம்மா, சரிங்கம்மா," என்றார்கள். அந்தக் குரலில் இருந்த பொறுமையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒரு வாரத்தில் பலகையைக் காணோம். யாரோ பிடுங்கி, அதையே எரித்து மீன் சுட்டிருந்தார்கள்.

ஜூலையில் ஒரு மத்தியானம் அலறல் கேட்டது. இங்கேலா உருளைக்கிழங்குக் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். பாறை விளிம்பில் ஒரு தகப்பன் வழுக்கி விழுந்து எழுந்துகொண்டிருந்தான். அவனுக்கு அப்பால் தண்ணீரில் ஒரு சின்னக் கை. இங்கேலா பாசியில் கால் வைக்கவில்லை. வலப்புறக் குண்டுக்கல் மேல் ஏறி, உடுத்தின துணியோடு நேரே ஆழத்தில் குதித்தாள். அறுபதைத் தாண்டிய உடம்பு. கீழே இருட்டில் துழாவி, தலைமுடி விரலில் சிக்க, பிடித்து மேலே இழுத்தாள். சிறுமி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு திமிற, இங்கேலாவின் தோள் பாறையில் மோதியது. ஏதோ கிழிந்தது அவளுக்கே கேட்டது. ஆனாலும் விடவில்லை.

சிறுமி வாந்தி எடுத்தாள், அழுதாள், பிழைத்தாள். தகப்பன் மகளை அள்ளி அணைத்தபடி சொன்னான்: "அந்தப் பேப்பர்ல குழந்தைங்களுக்கு நல்லதுன்னு போட்டிருந்துச்சு. நீங்க சொன்னதை நாங்க... நீங்க சும்மா சொல்றீங்கன்னு நினைச்சோம்."

இங்கேலா பாறையில் கிடந்தபடியே தோளைப் பிடித்துக்கொண்டாள்.

தோளில் அறுவைச் சிகிச்சை செய்து அவளை நகரத்து ஆஸ்பத்திரியில் படுக்கவைத்திருந்தபோது, நர்ஸ் ஒருத்தி பத்திரிகையைக் கொண்டுவந்து போர்வை மேல் விரித்தாள். "உங்க ஊட்டுக்காரர் எழுதியிருக்காரு. படிச்சு நான் அழுதுட்டேன்."

'கடலை அறிந்தவன் சொல்வதைக் கேளுங்கள்' என்பது தலைப்பு. அமைதிப் பாறையின் கீழே ஒரு திடீர் இறக்கம் உண்டு, அதை உள்ளூர்க்காரர்களாகிய நாங்கள் அறிவோம், பல ஆண்டுகளுக்கு முன் என் மைத்துனன், சிறுவன் எஸ்கிலை அங்கே இழந்தோம், அந்தத் துயரம் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது என்று ரூனார் எழுதியிருந்தான். சிறுமியைக் காப்பாற்றியது 'தீவுப் பெண்மணி ஒருவர்'. எஸ்கில் இறந்தபோது ரூனார் எங்கோ வயல் நடுவே டிராக்டரைப் பார்த்துக் கைதட்டும் பிள்ளையாக இருந்திருப்பான். இங்கேலா தாளை மடித்து நர்ஸிடமே கொடுத்தாள்.

"அவரு என் ஊட்டுக்காரர் இல்ல," என்றாள்.

அந்தக் கட்டுரைக்குப் பிறகு நகராட்சி அசைந்தது. பாறையைச் சுற்றி மிதவையும் கயிறும் கட்டினார்கள். முற்றத்தைச் சுற்றிப் போகும் மரப்பலகைப் பாதை போட்டார்கள்; அதற்காக அவளுடைய பைன் மரங்களில் சிலவற்றை வெட்டினார்கள். ஒழுங்கான அச்சுப் பலகை ஒன்றும் வந்தது. அதில் 'அமைதிப் பாறை' என்றே இருந்தது.

செப்டம்பரில் உல்ரிகா வந்தாள். ஒற்றைக் கையால் தாய் படும் பாட்டைப் பார்த்து, விறகை அடுக்கினாள், ஜன்னலைத் துடைத்தாள். பிறகு மேசையில் உட்கார்ந்து காபியைக் கிண்டினாள்.

"அப்பா ரொம்ப ஆடிப்போயிட்டாரும்மா. எஸ்கில் மாமாவைப் பத்தி நல்லாத்தானே எழுதியிருந்தாரு?"

இங்கேலா மகளையே பார்த்தாள். "நீ படம் எடுத்தப்போ அது எந்த இடம்னு உனக்குத் தெரியுமா?"

உல்ரிகா கரண்டியைக் கீழே வைத்தாள். "தெரியும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வேணாம்ப. அப்பாகிட்ட எப்படிப் போய் முடியாதுங்கிறது? உன்னோட எல்லாமே சண்டையாப் போயிடுதும்மா. அவர்கிட்டன்னா சுலபம்."

"ஆமா," என்றாள் இங்கேலா. "அவனோட சுலபம்தான். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

உல்ரிகா கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மேலங்கியை மாட்டிக்கொண்டு வாசலில் கொஞ்சம் நின்றாள். தோர்னோவில் யார் கிளம்பினாலும் வீட்டார் துறைவரை நடந்துபோய், படகு முனையைத் தாண்டும்வரை கையசைப்பது வழக்கம். காய்ச்சலில் கிடந்தாலும் யாரும் அதைத் தவறவிடுவதில்லை.

"வர்றேம்மா."

"சரி," என்றாள் இங்கேலா, நாற்காலியில் இருந்தபடியே.

துறையில் ஆல்வார் கயிற்றை அவிழ்க்காமல் பாதையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தான். உல்ரிகா தலையசைத்த பிறகுதான் படகை எடுத்தான்.