துருப்பிடித்த நங்கூரத்தின் புத்தகம்

ஆற்றின் நட்டநடுவில் மோட்டார் இரண்டு தரம் இருமியது, ஒரு தரம் டப்பென்று வெடித்தது, பிறகு அப்படியே அடங்கிப்போனது. படகில் ஏழு பேர் இருந்தார்கள். ஓட்டிக்கொண்டிருந்தவளை இரண்டு கரையிலும் படகக்கா என்றுதான் சொல்வார்கள். அறுபது வயதுக்காரருக்கும் அவள் அக்கா, ஆறு வயதுப் பிள்ளைக்கும் அக்கா.

கயிற்றைச் சுண்டி இழுத்தாள். அசையவில்லை. மறுபடி இழுத்தாள். நாலாவது தரம் உள்ளேயிருந்து யாரோ எதிர்த்து இழுத்த மாதிரி கயிறு வெடுக்கென்று திரும்பியது. கைப்பிடி வந்து விரல் முட்டியில் அறைந்தது. அவள் வலியை விழுங்கிக்கொண்டு துடுப்பை எடுத்தாள். இரண்டு டீச்சர்களும் ஒரு தையல்காரரும் ஆளுக்குக் கொஞ்சம் கைகொடுத்தார்கள். பத்து நிமிஷத்தில் கடக்கிற ஆற்றைக் கடக்க முக்கால் மணி நேரம் ஆனது.

முன்பலகையில் உட்கார்ந்திருந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். அவருக்கு வாரத்துக்கு மூன்று நாள் அக்கரை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நேரம் தப்பினால் அவருடைய படுக்கையை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அவளுக்கு அது தெரியும். அதனால்தான் அவர் முகத்தைப் பார்க்காமலே துடுப்புப் போட்டாள்.

"நீ பதறாதம்மா," என்றார் அவர். "லேட்டா வந்தாலும் தபால் தபால்தான்."

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் காத்திருந்து எப்படியோ சேர்த்துக்கொண்டார்கள். தினமும் அப்படி நடக்குமா?

வீட்டில் அவள் புருஷன் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். நாலு வாரமாக அப்படித்தான். சிமெண்டு மூட்டையைத் தூக்கப்போய் முதுகுத்தண்டில் தட்டு விலகிவிட்டது என்பது ஊர் அறிந்த கதை. ஒன்றரை மாதம் அசையக்கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். படுக்கையில் விழும்வரை அவர் மோட்டார் பிடிப்பார், அவள் கயிறு கட்டுவாள், ஆட்களை ஏற்றி இறக்குவாள். இப்போது இரண்டும் அவள் தலையில்.

"எப்படிச் சத்தம் போட்டுச்சு?" என்றார் அவர், கூரையைப் பார்த்தபடி.

"இருமுச்சு. அப்புறம் வெடிச்சுச்சு. கயிறு திருப்பி இழுக்குது."

"திருப்பி இழுக்குதா?" அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பிளக்கா இருக்கும். மாத்தச் சொல்லு."

மெக்கானிக் வந்தான். பிளக் மாற்றினான், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான், டேங்கில் பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினான். மோட்டார் அரை நாள் நல்ல பிள்ளையாக ஓடியது. மத்தியானம் மறுபடியும் வெடித்து நின்றது.

"அக்கா, மறைக்காம சொல்றேன்," என்றான் மெக்கானிக், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே. "கோளாறு மேல சுத்துற சக்கரம் இருக்குல்ல, அந்த ஃப்ளைவீலுக்கு அடியில இருக்கு. எனக்கு இந்த மாடல் பழக்கமில்ல. இருபத்திரண்டு வருஷத்து மோட்டார், கம்பெனியையே மூடிட்டான். கண்ண மூடிக்கிட்டுக் கழட்டி எதையாவது உடைச்சேன்னா நாளைக்கு உங்க மூஞ்சில முழிக்க முடியாது. இதுக்குன்னு சர்வீஸ் புக் ஒண்ணு இருக்கும். அது கிடைச்சாக் கூப்பிடுங்க, நான் தொடறேன்."

தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற மெக்கானிக் லேசில் கிடைக்க மாட்டான். அவளுக்கு அவன் மேல் கோபம் வரவில்லை.

தேடத் தொடங்கினாள். சமையலை முடித்துவிட்டு, புருஷனைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு, ஜன்னலோரம் கைப்பேசியுடன் உட்கார்ந்தாள். மோட்டாரின் நெற்றியில் அடித்திருந்த எண்ணை அப்படியே தட்டினாள். முதலில் வந்த இடம் 'இங்கே அழுத்தவும்' என்றது. அழுத்தினால் இன்னொரு 'இங்கே அழுத்தவும்'. இப்படியே ஆறு கதவு திறந்து, ஏழாவது கதவில் ஜாதகம் பார்க்கலாமா என்று கேட்டது. அடுத்த இடத்தில் புத்தகம் இறங்கிவிட்டது. அவள் குதிக்காத குறை. திறந்து பார்த்தால் புல் வெட்டுகிற மெஷினுக்கான புத்தகம்.

"புல்லு வெட்டணும்னா சொல்லு, ஆத்துல நிறையக் கிடக்கு," என்றார் கட்டிலில் கிடந்தவர்.

"படுத்துக்கிட்டே பேசறதுக்கு வலிக்கலையா உங்களுக்கு?"

"வாய்க்கு ரெஸ்ட் எடுன்னு டாக்டர் சொல்லலியே."

இரண்டு நாள் இப்படியே போனது. தபால்காரர் இப்போது மீன் ஏற்றுகிற படகில் தொற்றிக்கொண்டு போனார். அது விடியும்போதே கிளம்பிவிடும். பத்து மணி டயாலிசிஸுக்கு ஆறு மணிக்கே போய் ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். திரும்பி வரும்போது அவர் முகம் சுண்டிப்போயிருப்பதை அவள் துறையில் நின்று பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவளை அறுத்தது.

மூன்றாம் நாள் அவளுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. மோட்டாரின் எண் தகடு வெயிலிலும் தண்ணீரிலும் தேய்ந்து வழுவழுவென்று கிடந்தது. ஒரு வெள்ளைத் தாளை அதன் மேல் வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தாள். கண்ணுக்குத் தெரியாதது தாளில் எழும்பி வந்தது. இத்தனை நாளும் பூஜ்யம் என்று தட்டிக்கொண்டிருந்தது பூஜ்யமே இல்லை, ஆங்கில 'D' எழுத்து. இடப்பக்கத்துக் கோடு நேராக இருந்தது.

சரியான எழுத்தைப் போட்டதும் ஒரே ஒரு பக்கம் வந்தது. எங்கோ இருக்கிற படகுக்காரர்கள் ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டுப் பதில் எழுதுகிற இடம். அங்கே யாரோ ஒருவர் இதே மோட்டாருக்குப் புத்தகம் கேட்டிருந்தார். 'துருப்பிடித்த நங்கூரம்' என்று பெயர் வைத்துக்கொண்ட ஆள் பதில் எழுதியிருந்தார்: என்னிடம் இருக்கிறது, இதோ எடுத்துக்கொள்ளுங்கள். கீழே இணைப்பு. தட்டினாள். அந்த இடமே இப்போது இல்லை என்று வந்தது. தேதியைப் பார்த்தாள். பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

"ஆள் இருக்காரோ இல்லையோ," என்றாள்.

"நங்கூரம் அவ்வளவு சீக்கிரம் எங்கயும் போகாது. எழுதிப் பாரேன்," என்றார் புருஷன். இந்தத் தரம் கிண்டல் இல்லை.

எழுதினாள். கைப்பேசியே மொழிமாற்றித் தரும் என்பதால் மனதில் உள்ளதை அப்படியே எழுதினாள். ஆறு, படகு, புருஷனுடைய முதுகு, பெஞ்சில் காத்திருக்கிற தபால்காரர், மோட்டார் வெடிக்கிற விதம், கயிறு திருப்பி இழுப்பது எல்லாவற்றையும் எழுதினாள். புத்தகம் இருந்தால் தயவுசெய்து மறுபடி அனுப்ப முடியுமா என்று முடித்தாள்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. எழுதியவர் அந்த ஆள் இல்லை, அவருடைய மகள்.

'அப்பாவுக்கு இப்போது கண் பார்வை இல்லை. படகையும் விற்றுவிட்டோம். உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். புத்தகம் எந்த அலமாரியில், எந்தத் தட்டில், எதற்கு அடியில் இருக்கிறது என்று சொன்னார். அங்கேயே இருந்தது. நூற்று நாற்பத்தாறு பக்கம். எல்லாவற்றையும் படம் எடுக்கச் சொல்கிறார். ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறதா என்று சோதிக்க ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியையும் நான் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. அதனால் கொஞ்சம் தாமதமாகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.'

பொறுத்துக்கொள்வதா! அவள் கைப்பேசியை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஊர் பேர் தெரியாத ஒரு பெண், பார்வையில்லாத அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டிருக்கிறாள். கூடப் பிறந்தவர்கள் செய்வார்களா?

அன்று முழுக்கப் படங்கள் வந்துகொண்டே இருந்தன. சோறு வடிக்கும்போது பத்து, துணி உலர்த்தும்போது பத்து. சில பக்கங்களில் மை பேனாவால் ஓரத்தில் குறிப்பு இருந்தது. ஒன்றில், 'இந்தக் கூம்பு பாகத்தைத் துடைத்துக் காய வைத்துவிட்டு மாட்டு. எண்ணெய் தடவாதே. நான் தடவினேன், ஒரு பகல் முழுக்கக் கடலில் மிதந்தேன்' என்று எழுதியிருந்தார்.

கடைசிப் படத்துக்குக் கீழே மகள் ஒரு கேள்வியைச் சேர்த்திருந்தாள். 'அப்பா கேட்கிறார்: சமீபத்தில் மோட்டாரின் விசிறி, அதாவது தண்ணீருக்குள் சுழல்கிற பாகம், எதிலாவது பலமாக மோதியதா? அப்படி என்றால் வேறெங்கும் தேடாமல் நேராக அறுபத்தெட்டாம் பக்கத்துக்குப் போகச் சொல்கிறார்.'

"மோதலையே," என்றாள் அவள். "நான் எதுலயும் விடல."

கட்டிலில் கிடந்தவர் போர்வையை வாய்வரை இழுத்துக்கொண்டார். இவ்வளவு நேரம் வாய் மூடாத மனுஷன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"என்னங்க?"

"ஒரு மரக்கட்டை," என்றார் அவர், கூரையிடம். "மழை பெஞ்ச வாரம், நீ இல்லாம நான் மட்டும் வெறும் படகுல வந்த அன்னைக்கு. வெள்ளத்துல வந்துச்சு. நான் பாக்கல. மோட்டார் அப்படியே கவ்விக்கிட்டு நின்னுடுச்சு. நான்தான் மல்லுக்கட்டி இழுத்தேன். கட்டை வந்துச்சு. கூடவே முதுகும் போச்சு."

"அப்போ சிமெண்டு மூட்டை?"

"அது சும்மா வாயில வந்துச்சு."

"சும்மாவா!"

"இருபது வருஷமா ஓட்டறவன் கண்ணு முன்னால வந்த கட்டையில போய் முட்டினான்னு ஊருக்குச் சொல்லச் சொல்றியா?"

அவள் கோபப்படத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்புதான் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் இப்போது குழந்தை மாதிரி முழித்துக்கொண்டு கிடந்தார். ஐந்து வாரமாக முதுகு வலியோடு இதையும் சேர்த்துச் சுமந்திருக்கிறார், பாவம்.

மறுநாள் காலை மெக்கானிக் வந்தான். ஜன்னலுக்கு வெளியே பெஞ்சைப் போட்டு மோட்டாரை ஏற்றினார்கள். படுத்திருந்தவர் கைப்பேசியை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, அது தமிழாக்கித் தந்ததைச் சத்தமாக வாசித்தார்.

"பறக்கும் சக்கரத்தின் கொட்டையை இடப்பக்கமாகத் தளர்த்தவும்."

மெக்கானிக் ஸ்பானரோடு நிமிர்ந்தான். "எந்தக் கொட்டைண்ணே? புளியங்கொட்டையா?"

"நட்டுடா! ஃப்ளைவீல் நட்டு!" அவர் சிரித்துவிட்டு, முதுகு சுருக்கென்று இழுக்க, "அம்மா" என்றார். பிறகு தொடர்ந்தார். "அடுத்தது, சாவியைப் பரிசோதிக்கவும்."

"மோட்டாருக்குள்ள எங்கண்ணே பூட்டு?"

பூட்டு இல்லை. ஃப்ளைவீல் டக்கென்று விட்டுக்கொடுத்து மேலே வந்ததும், தண்டில் வெட்டியிருந்த பள்ளத்தில் பாதி நிலா மாதிரி ஒரு சின்ன உலோகத் துண்டு உட்கார்ந்திருந்தது. சக்கரத்தையும் தண்டையும் ஒன்றாகப் பிடித்து வைக்கிற துண்டு, இங்கிலீஷில் 'கீ' என்பது அதுதான். அதன் ஒரு பக்கம் நசுங்கி, மேல்பாதி ஒரு கடுகு அளவு நகர்ந்திருந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள் அவள்.

"இவ்வளவு போதும்க்கா," என்றான் மெக்கானிக், கண்ணை இடுக்கிப் பார்த்தபடி. "இது நகர்ந்தா சக்கரம் நகரும். சக்கரம் நகர்ந்தா நெருப்பு நேரம் தப்பி விழும். மோதின அன்னைக்கு நசுங்கியிருக்கு, ஓட ஓட நகர்ந்திருக்கு. நான் பத்து பிளக் மாத்தியிருந்தாலும் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்."

புதுத் துண்டுக்கு எங்கே போவது? அதற்கும் புத்தகத்தில் வழி இருந்தது. கடைசிப் பக்கத்துப் பட்டியலில் அதே கம்பெனியின் எட்டுக் குதிரைச் சக்தி மோட்டாருக்கும் இதே துண்டு என்று போட்டிருந்தது. அப்படி ஒரு செத்த மோட்டார் மெக்கானிக்கின் கொல்லையில் கோழிக்கூண்டுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. போய்க் கழற்றிக்கொண்டு வந்தான். லாரி பட்டறையில் முறுக்கை அளந்து காட்டுகிற ஸ்பானரை இரவல் வாங்கினார்கள். அவள் கூம்பை உலர்ந்த துணியால் மூன்று தரம் துடைத்தாள். எண்ணெய் தடவவில்லை. புத்தகம் சொன்ன எண் வரும்வரை மெக்கானிக் முறுக்கினான்.

படகில் மாட்டி, கயிற்றை இழுத்தாள். இரண்டாவது இழுப்பில் மோட்டார் எழுந்துகொண்டது. வெடிப்பு இல்லை, இருமல் இல்லை. துறையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். ஆற்றை ஒரு வட்டம் அடித்துத் திரும்பினாள். ஜன்னல் வழியே கேட்டுக்கொண்டிருந்த புருஷன், "இதுதான் அதோட குரல்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

புத்தகம் தந்த பெரியவருக்குப் பார்வை இல்லை, படம் அனுப்பி என்ன பயன்? அவள் மோட்டார் ஓடுகிற சத்தத்தை இரண்டு நிமிஷம் பதிவு செய்து அனுப்பினாள். சாயங்காலம் மகளிடமிருந்து பதில் வந்தது. 'அப்பா நாலு தரம் கேட்டார். ரொம்ப நாளைக்கப்புறம் இன்றைக்குத்தான் இவ்வளவு பேசுகிறார். சும்மா நிற்கும்போது வேகம் கொஞ்சம் அதிகமாக இருக்கிறதாம். முப்பத்தோராம் பக்கத்தில் உள்ள திருகைக் கால் சுற்று வெளியே விடச் சொல்கிறார்.'

கால் சுற்று விட்டாள். மோட்டார் பூனை மாதிரி உறுமத் தொடங்கியது. தொலைவில் கண் தெரியாத ஒருவர் காதை வைத்துச் சரிசெய்துவிட்டார்!

அவருக்கு என்ன எழுதுவது என்று அவளுக்குப் புலப்படவில்லை. நன்றி என்று எழுதினாள், அழித்தாள். தெய்வம் மாதிரி என்று எழுதினாள், அதையும் அழித்தாள். வெட்கமாக இருந்தது. மறுநாள் மாலை கடைசி நடையை முடித்துவிட்டு, துறைப் படியில் ஈரக் காலோடு உட்கார்ந்து இப்படி எழுதினாள்:

'ஐயாவுக்குப் படித்துக் காட்டவும். இன்றைக்கு அக்கரைக்குப் போனவர்கள்: டீச்சர்கள் இரண்டு பேர். தையல்காரர், ஒரு மூட்டைத் துணியோடு. பிறந்து ஒன்பது நாளான ஒரு குழந்தையும் அதன் அம்மாவும். தச்சர், அவருடைய ரம்பம். பரீட்சைக்குப் போன பிள்ளைகள் நாலு பேர். தபால்காரர் ஒன்பதரைக்கு ஏறினார், பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஆஸ்பத்திரிப் படி ஏறிவிட்டார். வரும்போது படகிலேயே தூங்கிவிட்டார். எழுப்ப மனசு வரவில்லை, கரை வந்த பிறகும் கொஞ்ச நேரம் விட்டுவைத்தேன்.'