சூரியனுக்கு எந்தப் பக்கம்?

மூன்று வருடமாக என் கல்யாணத்தைத் தடுத்து வைத்திருப்பது சூரியன் என்றுதான் அண்ணா சொல்லிவந்தார்.

அண்ணா வரதராஜா சிட்னியில் எஞ்சினியர். பாலம் கட்டுகிற மனிதர், பஞ்சாங்கம் பார்க்காமல் தலைமயிர்கூட வெட்டமாட்டார். நான் மெல்பேணில் ஓர் ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கிறவள். கூடப் படித்த வீரப்பனைக் கட்டப்போகிறேன் என்று 1973இல் அவரிடம் சொன்னேன். வீரப்பன் மலேசியாக்காரர், ஈப்போவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அண்ணா மறுக்கவில்லை. "நாள் பாப்பம்" என்றார்.

பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். தை முதல் ஆனி வரை சூரியன் வடக்கே போகிறது, ஊர்க் கணக்குக்கு நல்ல காலம். ஆனால் நாங்கள் தெற்கே இருக்கிறோமே, எங்களை விட்டுப் போகிற சூரியன் எப்படி நல்லதாகும் என்பார். சரி, ஆடி முதல் எங்களிடம்தானே வருகிறது என்று நான் சொன்னால், அது பஞ்சாங்கத்தில் கூடாத காலம் என்பார். ஆக, பன்னிரண்டு மாதமும் அவுட். நானும் நம்பினேன், படித்த மடைச்சி.

1976 பங்குனியில் அம்மாவைப் பார்க்க அண்ணாவும் நானும் கொழும்பு வழியாக ஊருக்குப் புறப்பட்டோம். வழியில் ஒரு தீவு நகரத்தில் இறங்கியே தீரவேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். பூமத்திய ரேகை அந்த ஊருக்கு நடுவால் போகிறது. அந்தக் கோட்டின் மேல் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு சூரியக் கடிகாரம் நிற்கிறது. எஞ்சினியர் அல்லவா, அண்ணா உடனே சம்மதித்தார்.

இரவும் பகலும் சமமான நாளாகப் பார்த்துத்தான் கூட்டிப்போனேன். மத்தியானம் நெருங்க நெருங்கக் கடிகாரத் தூணின் நிழல் சுருங்கி, கடைசியில் காணாமலே போய்விட்டது. அண்ணா குழந்தைமாதிரிக் கைதட்டினார்.

"அண்ணா, இப்ப சூரியன் எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கமும் இல்லை. நேர் மேல."

"அப்ப ஊருக்கும் குற்றமில்லை, மெல்பேணுக்கும் குற்றமில்லை. வீரப்பனுக்கு ஓம் சொல்லுங்கோ. இந்த இடத்திலயே சொல்லுங்கோ."

அண்ணாவின் கை தட்டுவதை நிறுத்தியது.

"பிள்ளை, அவன் தோட்டத்துப் பெடியன். தகப்பன் ரப்பர் பால் வெட்டினவர். ஊரில நான் எந்த முகத்தோட சொல்லுறது?"

எனக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. மூன்று வருடம்! ஒரு நாள்கூட முகம் சுளிக்காமல் வீரப்பன் காத்திருந்தாரே.

"இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே. பாவம், சூரியன்ர தலையில ஏன் போட்டனீங்கள்?"

"கோவிக்காதை. வா, கொழும்புக்குப் பிளேனுக்கு நேரமாகுது."

"நீங்கள் கொழும்புக்குப் போங்கோ. நான் ஈப்போவுக்குப் போறன். வீரப்பனும் அங்கதான் நிக்கிறார்."

"உனக்கு விசரோ? நாள் பாத்தியோ?"

"ஓம், பாத்தனான். வாற புதன். எனக்கும் அவருக்கும் லீவு."

புதன்கிழமை ஈப்போக் கோயிலில் வீரப்பன் தாலி கட்டினார். பால் வெட்டின கையால் மாமா அட்சதை போட்டார். முன்வரிசையில் அண்ணாவுக்கென்று நான் போடச்சொன்ன கதிரை வெறுமையாகவே கிடந்தது. யாரோ அதை எடுக்க வந்தார்கள், நான் விடவில்லை. அந்தக் கதிரையும் படத்தில் விழவேண்டும் என்று அழுதுகொண்டே படக்காரரிடம் சொன்னேன். முதல் பிரதியைச் சிட்னிக்கு அனுப்பினேன்.