இரண்டாவது பிரேக்

"தூங்கிட்டேன்னு சொல்லிடுங்கம்மா. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார் வக்கீல். காலையிலிருந்து இதையே அவர் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் தூங்கல சார்" என்று டீச்சரும் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

நீதிமன்ற நடையில் சுவரோரம் போட்டிருந்த நீளப் பெஞ்சின் கடைசியில் அவள் உட்கார்ந்திருந்தாள். மற்ற இடமெல்லாம் ஆண்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்குகளை எடுக்கும் நாள் அது. எல்லோரும் வழுவழுவென்று சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை பேண்டுக்குள் விட்டு, முதல் நாள் பள்ளிக்கூடம் வந்த பிள்ளைகள் மாதிரி அடக்கமாக இருந்தார்கள். பக்கத்திலிருந்தவர், பாவம், நல்ல மனிதர், அவளுக்காகக் கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டு, "வீட்டுக்காரருக்காக வந்திருக்கீங்களா?" என்று பரிவாகக் கேட்டார். "இல்ல, எனக்குத்தான்" என்றாள். அதற்குப் பிறகு அவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். குடித்துப் பிடிபட்டவர்களின் பெஞ்சிலும் ஒரு பெண்ணுக்கு ஒரு படி கீழேதான் இடம் போலிருக்கிறது. பார்த்தால் பார்க்கட்டும் என்று அவள் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அவள் பள்ளிக்கூட டீச்சர் அல்ல. கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். சொந்தக் கார், கூரையில் மஞ்சள் பலகை, ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையின் காலடியில் இரண்டாவதாக ஒரு பிரேக். இரண்டும் ஒரே கம்பியில் பிணைந்தவை. ஒன்றை மிதித்தால் மற்றதும் கூடவே கீழே போகும். அந்தப் பக்கத்து இருக்கையில்தான் அவள் வாழ்க்கையில் பாதி கழிந்திருந்தது. முன்னால் போகிற பஸ் எப்போது நிற்கும், எந்தச் சந்திலிருந்து சைக்கிள் பாயும் என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அவள் காலுக்குத் தெரிந்துவிடும். "நாங்க மிதிக்கறதுக்குள்ள நீங்க மிதிச்சிடறீங்களே டீச்சர்" என்று பழக வருகிறவர்கள் அலுத்துக்கொள்வார்கள். பிரேக் டீச்சர் என்று பட்டப்பெயரே விழுந்துவிட்டது. அவளுக்கு அதில் பெருமைதான், வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள். இந்த வழக்கில் தோற்றால் சொல்லிக்கொடுக்கும் உரிமம் போய்விடும். கார் இருக்கும், பலகை இருக்கும், டீச்சர் இருக்க மாட்டாள்.

நடந்தது ஒன்றும் பெரிய கதை இல்லை. கூடப் படித்தவள் ஒருத்தி ஊரைவிட்டுப் போகிறாள் என்று பகல் விருந்து வைத்தாள். டீச்சர் அண்ணியையும் அழைத்துக்கொண்டு போனாள். "உனக்கெல்லாம் கார் வராது" என்று அண்ணன் கல்யாணமான நாளிலிருந்து சொன்னதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்து, கடைசியில் நாத்தனாரிடமே பழக வந்துவிட்டவள் அந்த அண்ணி. விருந்தில் டீச்சர் ஒயின் குடித்தாள். ஒரு கிளாஸோடு நிற்கவும் இல்லை. கிளம்பும்போது தலை லேசாக மிதந்தது. உடனே சாவியை அண்ணி கையில் கொடுத்தாள். அண்ணி ஒரு சொட்டு குடிக்கவில்லை, பழகுவதற்கான உரிமம் கையில் இருந்தது, பக்கத்தில் டீச்சர் இருக்கிறாள். இதைவிடப் பொறுப்பாக ஒரு மனுஷி என்னதான் செய்ய முடியும்?

வளைவு திரும்பியதும் நடுரோட்டில் ஒரு போலீஸ்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு இரும்புத் தடுப்பை இழுத்துக்கொண்டிருந்தார். கார் அவருக்குக் கையெட்டும் தூரத்தில் குலுங்கி நின்றது. முகம் வெளுத்துத் திரும்பிய மனிதர் இருவரையும் ஊதச் சொன்னார். அண்ணி ஊதியபோது கருவி சும்மா இருந்தது. டீச்சர் ஊதியபோது கத்தியது.

"நான் ஓட்டல சார்" என்றாள்.

அவர் கதவைத் திறந்து குனிந்து அவள் காலடியைப் பார்த்தார். "உங்க காலு பிரேக்கு மேலதானே இருக்கு? பழகறவங்களை உட்கார வெச்சா, வண்டி உங்க பொறுப்புதாம்மா. ஓட்டினது நீங்கதான்."

பட்டப்பகலில், தெரிந்த தெருவில், மஞ்சள் பலகை வைத்த காரோடு அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பலகையிலிருந்த அவள் போன் நம்பரை ஒருவன் படம் பிடித்தான், ஏதோ வகுப்பில் சேரப்போகிறவன் மாதிரி.

முதல் தடவை நீதிமன்றத்துக்கு வந்தபோது எல்லாம் கடகடவென்று நடந்தது. பெயரைக் கூப்பிட்டார்கள், குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார்கள், ஒப்புக்கொள்கிறேன் என்றார்கள், அடுத்த பெயர். சாதுவாகத் தலையாட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். டீச்சர் முறை வந்ததும் "ஒப்புக்க மாட்டேன்" என்றாள். தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா அன்றைக்கு முதல்முறையாகத் தலை நிமிர்ந்தார். "வீம்பு பண்ணாதே, சொல்லிட்டு வந்து சேரு" என்று அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். வீம்புதான். வீம்பில்லாதவள் ஆண்கள் நிறைந்த தொழிலில் இத்தனை காலம் குப்பை கொட்டியிருக்க முடியுமா? அதன் பிறகு வாய்தா மேல் வாய்தா. ஒரு நாள் நீதிபதி விடுப்பு, ஒரு நாள் சாட்சி வரவில்லை, ஒரு நாள் கட்டடத்தில் மின்சாரம் இல்லை. ஒவ்வொரு தடவையும் அவள் அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

அண்ணி காரை நிறுத்திவிட்டு, சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு நடையில் வந்தாள். இடைப்பட்ட மாதங்களில் அவள் வேறொருவரிடம் பழகித் தேர்வில் தேறிவிட்டாள். இன்றைக்கு அண்ணனின் காரிலேயே நாத்தனாரை அழைத்து வந்திருந்தாள். வழியெல்லாம் டீச்சரின் வலது கால், பிரேக் இல்லாத அந்தக் காலடியில் விரித்திருந்த வெறும் மிதியடியை அழுத்திக்கொண்டே வந்தது.

"இவர் சொல்றபடி சொல்லிடேன்" என்றாள் அண்ணி. "நீ தூங்கிட்டேன்னு நானும் சொல்றேன்."

"அப்போ சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாம நீங்க ஓட்டினதா ஆகும். கேஸ் உங்க மேல திரும்பும்."

"அவங்களுக்கு அது சின்னக் கேஸ்தாம்மா" என்றார் வக்கீல்.

"வரட்டுமே" என்றாள் அண்ணி. "அன்னிக்கு நீ மட்டும் பிரேக் போடலேன்னா அந்த மனுஷன் கதி என்ன? என் கதி என்ன? அதுக்கு இதுகூடச் செய்யலேன்னா எப்படி?"

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்த நன்றிதான் அவளை இத்தனை மாதமாக முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அண்ணனைக்கூடச் சமாளித்துவிட்டாள், தெருவைச் சமாளித்துவிட்டாள். இதைத்தான் சமாளிக்க முடியவில்லை. அதற்குள் பெயர் கூப்பிடும் குரல் கேட்டது. எழுந்தாள்.

போலீஸ்காரர் கூண்டில் ஏறி நடந்ததைச் சொன்னார். நேர்மையான ஆள்தான். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. "அவங்க போதையில இருந்தாலும் சரியான நேரத்துல பிரேக் போட்டாங்க ஐயா. போடலேன்னா நான் இங்க நின்னு சாட்சி சொல்லிட்டிருக்க மாட்டேன்" என்றார். அவர் பாராட்டுகிறார் என்று அவருக்கே தெரியாது. அந்தப் பாராட்டுதான் அவளை மாட்டிவிடப் போகிறது என்று வக்கீலுக்குத் தெரியும். பிரேக்கை மிதித்தவர்தான் வண்டியைக் கையாண்டவர். வக்கீல் அவசரமாக அவள் பக்கம் திரும்பி, கண்ணை மூடித் திறந்து சைகை காட்டினார்: தூக்கம்.

நீதிபதி அவளைக் கேட்டார். "நீங்க அப்போ விழிச்சிட்டிருந்தீங்களா?"

"முழிச்சிட்டுத்தான் இருந்தேன் ஐயா."

வக்கீல் கையிலிருந்த வழக்குக் கட்டை மூடினார்.

"பிரேக்கை மிதிச்சது நீங்கதானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வழக்கு தோற்கும். ஆனால் பிரேக் டீச்சர் தோற்க மாட்டாள். போதையிலும் கால் தவறாதவள் என்று ஊர் சொல்லும். தன்மேல் அவளுக்கே அப்படியொரு ஆத்திரம் வந்தது. யாருக்கும் பயப்படாதவள் என்று பெயர் எடுத்தவள், தன் கால் ஒன்றுக்கு இத்தனை நாள் பயந்து கிடந்திருக்கிறாளே.

"இல்ல ஐயா. நான் மிதிக்கப் போனேன். என் கால் போனப்போ பிரேக் ஏற்கெனவே கீழ இருந்துச்சு. அந்த ரெண்டு பிரேக்கும் சேர்ந்து இறங்கும். மிதிச்சது என் அண்ணி. என் கால் லேட்டு. இத்தனை வருஷத்துல அன்னிக்குத்தான் லேட்டு."

பின் வரிசையில் நாற்காலி ஒன்று நகரும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்போ உங்க பொறுப்பு எதுவும் இல்லைன்னு சொல்றீங்களா?"

"இருக்கு ஐயா. பக்கத்துல டீச்சர் இருக்கான்னு நம்பித்தான் அவங்க ஓட்டினாங்க. நான் இருந்தும் இல்லாத மாதிரி இருந்தேன். அவங்க மேல தப்பு இல்ல. ஆனா குடிச்சிட்டு ஓட்டினேன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதை நான் பண்ணல. எத்தனை வாய்தா போட்டாலும் ஒப்புக்க மாட்டேன். குடிச்சிட்டு சொல்லிக்கொடுத்தேன்னு எழுதுங்க. இப்பவே கையெழுத்துப் போடறேன்."

குமாஸ்தா எழுதுவதை நிறுத்திவிட்டு நீதிபதியைப் பார்த்தார். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார். அரசு வக்கீலோடு தாழ்ந்த குரலில் ஏதோ பேசினார். பிறகு தீர்ப்பை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார்.

படியிறங்கும்போது வக்கீல் பின்னாலேயே வந்தார். "நீங்க எழுதச் சொன்னதுக்கும் உரிமம் போகலாம், தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கும்மா இந்தப் பாடு?"

"பண்ணாததுக்குப் போகக் கூடாது சார். பண்ணினதுக்குப் போனா போகட்டும்."

அவர் தலையில் அடித்துக்கொள்ளவில்லை என்பது ஒன்றுதான் குறை.

அண்ணி காரைக் கிளப்பினாள். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள். சிக்னலில் நின்றபோதுதான் கேட்டாள்.

"நெசமாவே நான்தான் மிதிச்சேனா?"

"ஆமா."

"எனக்கே தெரியலடி. ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"சொன்னா உங்களுக்குத் தலைகால் புரியாது."

அண்ணி சிரிக்க முயன்று முடியாமல், புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விளக்கு பச்சையாகியிருந்ததைப் பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. டீச்சரின் கால் வழக்கம்போல மிதியடியைத் தேடிப் போயிற்று. அவள் குனிந்து அதைப் பார்த்தாள். பிறகு செருப்பை உதறிவிட்டு, இரண்டு காலையும் தூக்கி சீட்டில் மடித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன இது, கூடத்துல உட்கார்ந்த மாதிரி? பயமா இல்லையா?"

"ரோட்டைப் பாருங்க அண்ணி."

முன்னால் போன லாரி ஒரு சைகையும் காட்டாமல் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தது. டீச்சரின் கை மேலே இருந்த பிடியை எட்டிப் பிடித்தது, கால்விரல்கள் சீட்டுத் துணியில் சுருண்டன. கார் மெல்ல வேகம் குறைந்து, குலுங்காமல், லாரிக்குப் பின்னால் ஒரு நல்ல இடைவெளி விட்டு நின்றது. கீழே மிதியடியில் அவள் செருப்புகள் மட்டும் லேசாக முன்னால் நகர்ந்து கிடந்தன.