மூன்றாவது படம்

பஞ்சை நீரில் நனைத்து அப்பாவின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தாள் லரிசா. அவர் கண்ணைத் திறந்தார்.

"அந்த மூணாவது படம் பொய்ம்மா."

"எந்தப் படம்ப்பா?"

"எண்பத்தேழுல வந்த என் ஆராய்ச்சிக் கட்டுரையில இருக்கே, அது. அடிபட்ட செல்லைப் பக்கத்து செல் பிழைக்க வைக்குதுன்னு... லேப்ல ஒரே ஒரு தட்டுலதான் அப்படி ஆச்சு. மத்ததெல்லாம் செத்துப்போச்சு. கழுவி வச்சுட்டேன்."

லரிசா பஞ்சைக் கீழே வைத்தாள். வால்டர் ஹ்ரின்சுக் என்ற அப்பாவின் பெயருக்கு அந்த ஒரு படம்தான் ஆதாரம். அது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதை நம்பி எத்தனையோ ஆராய்ச்சிக்கூடங்கள் நடக்கின்றன.

"பிரிசில்லாகிட்ட சொல்லணும். எனக்குப் பயமா இருக்கு. நீ சொல்லு."

"இப்ப எதுக்குப்பா அதெல்லாம்?"

 அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

கதவு திறந்தது. வடக்கே ஒரு க்ரீ பழங்குடி ஊரிலிருந்து வந்து அவரிடம் படித்த முதல் மாணவி பிரிசில்லா, இப்போது தானே பேராசிரியர், இமையில் பனியோடு உள்ளே வந்தாள்.

"மைனஸ் முப்பத்தெட்டு! இந்தக் குளிர்லதான் கிளம்புவேன்னு என்ன அடம் இவருக்கு?"

லரிசாவால் சிரிக்க முடியவில்லை. வாயை மூடிக்கொண்டால் எல்லாம் இவரோடு போய்விடும். ஆனால் அப்பாவின் கண் அவளைவிட்டு நகரவில்லை. அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

பிரிசில்லா கையுறையைக் கழற்ற வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.

"தெரியும்."

"என்னது?"

"இவர்கிட்ட சேர்ந்த வருஷமே அந்தச் சோதனையைப் பதினோரு தடவ செஞ்சு பார்த்தேன். வரவே இல்ல."

"அப்ப ஏன் வாயே திறக்கல?"

"பயம்தான். இவர் சிபாரிசு இல்லாம எனக்கு யார் வேலை கொடுப்பா?" அவள் குரல் இறங்கியது. "அப்புறம் என்கிட்டயும் ஒரு பொண்ணு படிக்க வந்தா. மூணு வருஷம் செஞ்சும் வரலன்னு அழுதா. உன் கை சரியில்லன்னு சொல்லி அனுப்பிட்டேன், லரிசா."

அவள் குனிந்து அவர் காதருகே சொன்னாள்: "வால்டர், உண்மையை நான் எழுதறேன். நம்ம ரெண்டு பேர் பேரையும் போட்டு."

ஒரு மூச்சு வந்தது. இன்னொன்று வந்தது. அடுத்ததற்காக இருவரும் காத்திருந்தார்கள். அது வரவில்லை.

மணியடித்து நர்ஸைக் கூப்பிட வேண்டும். இருவருமே கையை நீட்டவில்லை. கீழே யாரோ கார் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நிற்கும்வரை இருவரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.