சித்தப்பாவின் ஆள்

சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை எனக்கு. சேர்த்துவிட்டவர் அங்கே சூப்பர்வைசராக இருந்த சகாயநாதன் சித்தப்பா. விளம்பரம் இல்லை, இன்டர்வியூ இல்லை. "எங்க அண்ணன் பொண்ணு" என்றார், மறுநாளே சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். நன்றி இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கல்யாணமோ தேர்த் திருவிழாவோ, நாலு பேர் கூடினால் போதும், "ரோசிய நான்தான் சேத்துவுட்டேன்" என்று ஆரம்பித்துவிடுவார். கடையில் நான் லீவு கேட்டால்கூட எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

போன வாரம் முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு சித்தப்பா வேலையை விட்டுவிட்டார். அன்று சாயங்காலமே கடலூரில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"நானே வேலய வுட்டு வந்துட்டேன். நாளைலேர்ந்து நீயும் போவாத. அப்பதான் அவுங்களுக்கு என் அரும புரியும்."

"வீடு என் சம்பளத்துலதான் ஓடுது சித்தப்பா."

"அந்தச் சம்பளம் யாரால வந்துது?"

அம்மா கொடுத்த காபியை அவர் தொடவில்லை. போகும்போது அம்மாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனார்.

மறுநாள் நான் வேலைக்குப் போனேன். கல்லாவிலிருந்த முதலாளி ஞானசேகரன் நிமிர்ந்து பார்த்தார்.

"சகாயநாதன் ஆளுதான நீ? எப்ப கெளம்பப் போற?"

எரிச்சலாக வந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு பில்லைக்கூடத் தப்பாகப் போட்டதில்லை, அது ஒருத்தருக்கும் ஞாபகமில்லை.

"நான் யாரு ஆளும் இல்ல சார். வேல பாக்க வந்துருக்கேன்."

அவர் கையிலிருந்த நோட்டுக்கட்டை எண்ணி முடித்தார். பிறகு, "சரி, போய் உக்காரு. சூப்பர்வைசர் வேலைக்கு ஆள் வேணும். ஒனக்குத் தெரிஞ்ச, நம்பிக்கையான ஆளா இருந்தா சொல்லு" என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பி.காம். முடித்த தம்பி ஜெகன் வீட்டில் சும்மா இருக்கிறான். அவன் பெயர் வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"எனக்கு யாரையும் தெரியாது சார்" என்றேன்.

கடலூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கால் விட்டுப்போனது. செருப்பைக் கழற்றுவதற்குள் ஜெகன் எதிரே வந்துவிட்டான்.

"சித்தப்பா எடம் காலிதானக்கா? எனக்காக ஒரு வார்த்த சொல்லேன்."

"காலிதான். நீயே போய்க் கேளு" என்றேன். "என் தம்பின்னு மட்டும் சொல்லாத."

அவன் முகம் தொங்கிப்போனது. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அவனுடைய நல்ல சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு வைத்தேன்.