பதினேழாம் கொக்கி

குன்றின் மேல் புடாவும் சமவெளியில் பெஷ்டும் எதிரெதிர் அமர்ந்து, இடையே ஓடும் டான்யூபு ஆற்றைத் தம்மிருவர்க்கும் பொதுவான கண்ணாடியாகக் கொண்டு முகம் பார்த்திருக்க, ஆற்றின் மேல் உடைந்த பனிப்பாளங்கள் உரியவர் தேடி வராத வெண்பட்டு மடிகள்போல் ஒன்றையொன்று இடித்தபடி தெற்கு நோக்கி மிதக்க, வேலை முடியும் முன்பே கிளம்பிவிடும் அலுவலரைப்போலப் பகலவன் இரண்டரை மணிக்கே மேற்குக் குன்றுகளின் பின் நழுவப் பார்த்த தைத் திங்கள் ஞாயிற்றுக்கிழமை அது. பெருவளைய வீதியில் மஞ்சள் நிற டிராம் வண்டிகள் மணியடித்து நின்று, கம்பளிக்குள் மக்களா, மக்களுக்குள் கம்பளியா என்று ஐயுறும்படி பொதிந்திருந்த கூட்டத்தை இறக்கிவிட்டன. அக்கூட்டத்துள் சிலர் பாவைக்கூத்துக்கும் சிலர் ஆடலரங்குக்கும் சிலர் இசைமன்றத்துக்கும் பிரிந்து செல்ல, எஞ்சிய இருநூற்றுப் பன்னிருவர் வெள்ளன்னம் என்னும் இசைநாடக அரங்கின் படிகளில் காலுதறிப் பனி சிந்தி ஏறினர். உணவு குறைந்தால் நம் நகரத்தார் பொறுப்பர். கூத்துக் குறைந்தால் பொறார்.

நுண்ணறிவு மிக்கீர், அரங்கின் பெருமையைச் சொல்லப் புகுவோர் அதன் பொன்முலாம் பூசிய மாடங்களையும், ஆயிரம் கண்ணாடித் துளிகள் தொங்கும் சரவிளக்கையும், சிவந்த பட்டு இருக்கைகளையுமே சொல்வர். அவற்றுக்கெல்லாம் கீழே, நிலவறைக்கும் கூடத்துக்கும் நடுவே, வந்தவர் தம் மேலங்கிகளைக் கழற்றிக் கொடுத்துப் பித்தளை வில்லை பெற்றுக்கொள்ளும் நீண்ட அறையொன்று உண்டு. நம் கதை நிகழ்வது அங்கே. பாச்சை உருண்டை மணமும் நனைந்த கம்பளியின் மணமும் கலந்து, கிளையெல்லாம் கருத்த அடர்காடுபோல் மேலங்கிகள் தொங்கும் அவ்வறையை இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆண்டுவந்தவள் யோலான். கதவு திறக்கும் வேளையில் இங்கே நின்று வாங்கவேண்டும்; திரை விழும் வேளையில் இங்கே நின்று கொடுக்கவேண்டும்; ஆதலால் அவ்வரங்கில் நடந்த எந்தக் கூத்தின் முடிவையும் அவள் கண்ணால் கண்டதில்லை. செவியால் கண்டாள். தலைக்கு மேலே உத்தரத்தில் அதிரும் காலடியைக் கேட்டே ஆடுவது யார், அவர் காலில் புதுச் செருப்பா பழஞ்செருப்பா என்று சொல்லிவிடுவாள்.

அன்று மேலே ஆடவிருந்தவன் அவள் கணவன் வெண்டெல். இசைநாடகத்தில் பாடி உருக்குவோர் இருவர் உளரெனில், ஆடிச் சிரிப்பூட்டுவோன் ஒருவன் கட்டாயம் உளன். அவ்விடத்துக்காகவே பிறந்தவன் என்று தன்னை மட்டும் நம்பவைத்திருந்த வெண்டெல், இருபத்தாறு ஆண்டுகளைப் பின்வரிசையில் குடியானவனாகவும் படைவீரனாகவும் ஒருமுறை குதிரையின் பின்பாதியாகவும் கழித்தபின், முதலணிக்கு மாற்றாக ஆடும் இரண்டாம் அணியில் அவ்விடத்தைப் பெற்றான். இரண்டாம் அணிக்கு உரியவை ஞாயிற்றுப் பிற்பகல்கள் மூன்றே. இரண்டு கழிந்திருந்தன. இன்று மூன்றாவது, இதற்குமேல் இல்லை.

அவன் நெஞ்சில் கிடந்த முள் ஒன்றே. தீக்கு அஞ்சி நம் அரங்குகளிலெல்லாம் ஆட்டம் முடிந்தபின் மேடைக்கும் கூடத்துக்கும் நடுவே இரும்புத்திரை இறக்கவேண்டும் என்பது சட்டம். (அரசியலார் சொன்ன இரும்புத்திரை வேறு, அது விழுந்ததையும் விலகியதையும் இந்நகர் பார்த்து ஓய்ந்துவிட்டது.) பட்டுத்திரை விழும்போது எவரும் தட்டுவர், இரும்பு விழுந்ததும் மேலங்கி நோக்கி ஓடுவர். இரும்பு விழுந்தபின்னும் ஓடாமல் நின்று தட்டினாலன்றோ அவ்விரும்பின் நடுவிலுள்ள சிறுகதவு திறக்கும், அதன் வழியே முதன்மைக் கூத்தர் மட்டும் குனிந்து வெளிப்பட்டு வணங்குவர்! இரும்புக் கைதட்டு என்று பெயர். வெண்டெல் அக்கதவைப் பின்னிருந்து ஆயிரம் முறை கண்டவன். பிறர்க்கு வந்த பூச்செண்டுகளைப் பிடித்துக்கொண்டு அதன் இந்தப்புறம் நின்றவன். அந்தப்புறம் போனவனல்லன்.

கூத்துத் தொடங்கக் கால்மணி இருக்கையில், பாதி மீசை ஒட்டியும் பாதி மீசை தொங்கியும் அவன் மேலங்கி அறைக்கு ஓடிவந்தான்.

"யோலா, ஒரே ஒரு உதவி. ஆட்டம் முடிஞ்சதும் இந்த கோட்டு ரூம் கதவ அஞ்சு நிமிஷம் லேட்டா தெற."

"எதுக்குய்யா?"

"கோட்டு கெடைக்கலன்னா ஜனம் எங்க போகும்? வெளிய ரத்தம் உறையிற குளிரு. உள்ளயே நின்னு தட்டும்ல?"

"குளிருக்குத் தட்டுறதுக்கும் உனக்குத் தட்டுறதுக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு?"

"இருபத்தாறு வருஷம் காத்திருந்தவனுக்கு எதுவா இருந்தா என்னடி? சத்தம் ஒண்ணுதான?"

"உனக்குப் போதும். எனக்குப் போதாது." யோலான் வில்லைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே சொன்னாள். "இன்னிக்கு எப்பவையும் விட வேகமாக் குடுப்பேன். வில்லைய நீட்டுன கை மடங்கறதுக்குள்ள கோட்டு இருக்கும். போறவன் போகட்டும். அப்பறமும் ஒருத்தன் நின்னான்னா, அது உனக்கு நின்னது."

"நீ பொண்டாட்டியா, எதிர்க்கட்சியா?"

"மீச தொங்குது. ஒட்டிட்டுப் போ."

அவன் போனான். போகும்போது முதற்கொக்கி வரிசையைப் பார்த்துப் பெருமூச்செறிந்து, "அந்த முதுகும் வந்திருக்கு போல," என்றான்.

அம்முதுகின் வரலாறு சொல்லத்தக்கது. சொமோடி என்னும் பல் மருத்துவர், நாற்பது ஆண்டுகள் பிறரை நாற்காலியில் எழவொட்டாமல் இருத்தியவர். ஓய்வு பெற்றபின் தாம் மட்டும் எந்த நாற்காலியிலும் கடைசிவரை இருந்ததில்லை. ஞாயிறுதோறும் வருவார், பதினேழாம் கொக்கியில் தம் சாம்பல்நிற மேலங்கியைத் தருவார், பட்டுத்திரை விழுமுன்பே நடைவழியில் எழுந்து போவார். மேடையிலிருந்த கூத்தர் அனைவரும் அவர் முதுகை அறிவர்; முகத்தை அறிந்தவள் யோலான் ஒருத்தியே. "பதினேழு" என்பார். பத்தொன்பது ஆண்டுகளில் அவளிடம் அவர் பேசிய சொல் அதுவொன்றுதான், அதுவும் எண்.

மூன்றாம் பகுதி தொடங்கியபோது, உடன் வேலை செய்பவளும் கணவன் மனைவி பேச்சை ஒட்டுக்கேட்டிருந்தவளுமான தெர்க்கா ஊசிப் பின்னலை மடியில் வைத்துக்கொண்டு மெல்ல வாய் திறந்தாள்.

"அக்கா, நீங்க வேணா அரிச்சந்திர வேஷம் போடுங்க. நான் கொஞ்சம் தடுமாறுறேன். பதினொண்ணு கேட்டா எழுபத்தொண்ணக் குடுக்கறேன். வயசாச்சு, கண்ணு தெரியலன்னு சொல்லிக்கறேன்."

"உனக்கு முப்பத்தாறு வயசு."

"பாக்க அப்பிடித் தெரியுது."

"தெர்க்கா, ஒரு கோட்டு தப்பாப் போச்சுன்னா உன்ன அந்தக் கொக்கியிலயே மாட்டிருவேன்."

அவ்வேளை உத்தரம் அதிர்ந்தது. வெண்டெலின் ஆட்டம் அது: தொடர்வண்டி நிலையத் தலைவனாக, காதலர் இருவரும் விட்டுச்சென்ற மூன்று பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு, ஒன்றை எறிந்து ஒன்றைப் பிடித்து ஒன்றன்மேல் ஏறி ஆடும் ஆட்டம். இடக்காலை ஊன்றும்போது மட்டும் ஒரு மயிரிழை தாழ்த்தி ஊன்றும் அக்காலடியைத் தூக்கத்திலும் அறிந்தவள் யோலான். ஏனெனில் அவ்விடமுழங்காலுக்கு இரவுதோறும் எண்ணெய் தேய்ப்பவள் அவள். ஆட்டம் நின்றது. கூடம் முழுதும், "எப்பிடி இருந்துச்சு! எப்பிடி இருந்துச்சு!" என்று முழங்கிற்று. நம் ஊரில் அது வினாவன்று. மறுபடி ஆடு என்னும் ஆணை. ஆடினான். மீண்டும் முழங்கிற்று. மீண்டும் ஆடினான். மூன்றாம் முறை இடக்கால் இரண்டு மயிரிழை தாழ்ந்தது. ஆயினும் ஒரு தாளமும் தவறவில்லை. யோலானின் கை, மேலங்கி வாங்கும் பலகையை இறுகப் பற்றியிருப்பதைத் தெர்க்கா கண்டாள். கண்டும் கிண்டல் செய்யாதது அவள் வாழ்வின் அரிய நிகழ்ச்சிகளுள் ஒன்று.

திரை விழுந்தது. கதவுகள் திறந்தன. வெளியூரிலிருந்து பேருந்தில் வந்த நாற்பத்தெண்மர் முதலில் இறங்கினர். ஓட்டுநன் வெளியே வண்டியின் ஊதுகுழலை அலறவிட்டுக்கொண்டிருந்தான். யோலான் சொன்ன சொல் காத்தாள். இளவேனிலில் மரம் இலை துளிர்ப்பதை விரைவுபடுத்திக் காட்டினாற்போல் அவள் கைகளில் மேலங்கிகள் தோன்றித் தோன்றி மறைந்தன. எண்ணைச் சொல்லி முடிக்குமுன் கழுத்தில் கம்பளி விழுந்தது. பேருந்துக் கூட்டம் தீர்ந்தது. இனி வரும் வெள்ளத்துக்கு அவள் கை நீட்டி நின்றாள்.

எவரும் வரவில்லை.

ஞாயிற்றுப் பிற்பகலில் இருபத்திரண்டு ஆண்டுகளில் நிகழாதது அது. யோலான் திரும்பி முதல் வரிசையை நோக்கினாள். பதினைந்து, பதினாறு, பதினேழு. சாம்பல்நிற மேலங்கி, வேடன் வராத காட்டில் அஞ்சாது நிற்கும் மான்போல், தன் கொக்கியில் அசையாது தொங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா," என்றாள் தெர்க்கா தாழ்ந்த குரலில், "ஆளு செத்துட்டாரா?"

அப்போது மேலே, பெருஞ்சங்கிலி உருள, கட்டடத்தின் எலும்பெல்லாம் முனக, இரும்பு இறங்கும் ஓசை கேட்டது. தரையைத் தொட்டு அமர்ந்தது. ஒரு மூச்சளவு பேரமைதி. அம்மூச்சினுள் யோலான் தன் மணவாழ்வின் எல்லா ஞாயிறுகளையும் ஒருமுறை வாழ்ந்து முடித்தாள். பின்னர், சிதறிய மழைத்துளி போல் அங்கொன்றும் இங்கொன்றுமாய் எழுந்த கைதட்டல், ஒன்றையொன்று தேடிக் கூடி, நூற்றறுபத்துநான்கு இணைக் கைகளும் ஒரே கையாகி, ஒரே தாளத்தில், நெல் குற்றும் உலக்கைபோல் உத்தரத்தின் மேல் விழத் தொடங்கிற்று.

"போங்கக்கா! நான் பாத்துக்கறேன்."

"வேலைய விட்டுட்டா?"

"வேலையாவே போங்க. அந்தப் பல்டாக்டர் உயிரோட இருக்காரா, இல்ல தூங்கிட்டாரான்னு பாத்துக் கோட்டக் குடுத்துட்டு வாங்க. அது டியூட்டிதான?"

கடமை என்னும் சொல்லுக்கு யோலான் என்றும் பணிந்தவள். பதினேழாம் மேலங்கியை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிறர் ஏறிய படிகளில் முதன்முறை ஓடினாள்.

கூடத்தின் பின்கதவைத் தள்ளியபோது, முன்னால் சாம்பல் பூசிய மதில்போல் நின்றது இரும்பு. அதன் நடுவே ஓராள் குனிந்து வரத்தக்க சிறுகதவு திறந்தது. தலைமகள் வந்தாள், தலைமகன் வந்தான், மூன்றாவதாக நிலையத் தலைவனின் தொப்பி தெரிந்தது. ஆயிரம் முறை பின்னின்று பார்த்தவன் வெண்டெல். ஆயினும் அக்கதவின் அடியில் ஒரு சாண் உயர இரும்பு வரம்பு உண்டென்பது காலெடுத்துக் கடந்தவர்க்கன்றித் தெரியாது. அவன் கடந்தவனல்லன். தடுக்கினான். தொப்பி பறந்தது. விழுகிறான் என்று யோலான் கண்மூடுவதற்குள், விழுந்த உடலை ஆட்டமாக்கி, இல்லாத பெட்டியொன்றைப் பிடித்து, இடக்காலை ஊன்றி, சுழன்று, பறந்த தொப்பியைத் தலையால் ஏற்று, நிமிர்ந்து நின்றான். கூடம் வெடித்தது. அது கூத்தென்றே அனைவரும் கொண்டனர். அல்லவென்று அறிந்தவள் பின்கதவருகே நின்றவள் ஒருத்தியே. அவள் பெருமை அதனால் இருமடங்காயிற்றேயன்றிக் குறையவில்லை.

பின்வரிசை ஓர இருக்கையில் ஒருவர் எழுந்து நின்று, உள்ளங்கை சிவக்கத் தட்டிக்கொண்டிருந்தார். கூத்தர் கண்டறியாத அம்முகம் முதன்முறையாக மேடைக்கு நேரே இருந்தது.

"ஐயா, உங்க கோட்டு."

சொமோடி திரும்பவில்லை. "எதுக்கும்மா தூக்கிட்டு வந்தீங்க? இன்னும் முடியல."

கதவு மூடிற்று, தாளம் ஓயவில்லை, கதவு மீண்டும் திறந்தது. இம்முறை வெண்டெல் வரம்பில் காலைத் தூக்கி வைத்தான். பிறவியிலேயே அவ்வழி நடந்தவன்போல வைத்தான். பல் மருத்துவர் அப்போதுதான் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தார்.

"நீங்க ஏன் சும்மா நிக்கறீங்க? பிடிக்கலையா?"

"கையில கோட்டு இருக்குங்களே."

"அட, குடுங்க இங்க." தம் மேலங்கியைத் தாமே வாங்கிக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டார். "நான் பிடிச்சுக்கறேன். நீங்க தட்டுங்க."

யோலான் தட்டினாள். வில்லை எண்ணியும் கம்பளி சுமந்தும் காய்ப்பேறிய அக்கைகளின் ஓசை, கூடத்தின் பேரோசையினுள் கலந்து, எது எவர் ஓசை என்று எவரும் பிரித்தறிய இயலாதபடி இரும்பில் போய் மோதிற்று. கதவு நான்குமுறை திறந்தது. நான்காம் முறை வெண்டெல் பின்கதவருகே அவளைக் கண்டான். வணங்க மறந்து நின்றான். அருகே நின்றவர் அவன் முதுகைத் தட்டிக் குனியவைத்தனர்.

அடுத்த ஞாயிறு வேறு கூத்து, வேறு அணி. வெண்டெல் பின்வரிசையில் குடியானவனாகப் புல் அறுத்துக்கொண்டிருந்தான். பட்டுத்திரை விழ இன்னும் எட்டு நிமிடம் இருக்கையில், ஆளற்ற மாடிப்படியில் காலடி ஒன்று இறங்கி வந்தது.

"பதினேழு," என்றார் சொமோடி.

யோலான் எடுத்துக் கொடுத்தாள். அரசன் ஒருவனுக்கு முடிசூட்டுவோர் எவ்வளவு கருத்தோடு சூட்டுவரோ அவ்வளவு கருத்தோடு அச்சாம்பல்நிற மேலங்கியை அவர் தோளில் பொருத்தி, கழுத்துப் பட்டையை நேராக்கி, பனியில் அவர் மறையும்வரை பார்த்து நின்றாள். எல்லார்க்கும் நின்றிருப்பாராயின் அவர் அன்று நின்றது என்ன நிற்பு? அவர் ஞாயிறுதோறும் எழுந்து போகட்டும். போகப் போக, அவர் போகாதிருந்த அவ்வொரு மாலை, மழை கழுவக் கழுவ ஒளிரும் மாடக்கூரைபோல், அவள் நெஞ்சில் மேலும் மேலும் ஒளிரும்.

அன்றும் இரும்பு இறங்கிற்று, எவரும் தட்டவில்லை, வெள்ளம் படியிறங்கி வந்தது. யோலான் தலைநிமிர்ந்து கை நீட்டினாள்.

"எண் சொல்லுங்க."