றெக்ஸ் அண்ணையின் பிரெஞ்சுப் பிரசங்கம்

என் கணவர் பேனாட்டின் அக்கா புருஷன் றெக்ஸ் லண்டனிலிருந்து மொன்றியலுக்கு வந்து மூன்று வருடமாகிறது. ஆள்தான் வந்தார், மனிதரின் எடுப்பு இன்னும் லண்டனில்தான். வாய் திறந்தால் "நாங்கள் பிரிட்டிஷ்" என்பார். இங்கே மழை பெய்தால் அது லண்டன் மழை மாதிரி இல்லை என்பார். ஒரு ராசாவின் நாட்டை விட்டு அதே ராசாவின் இன்னொரு நாடான கனடாவுக்கு வந்தவருக்கு இவ்வளவு பெருமை எதற்கு? தொண்ணூறுகளில் அவரும் லொறிக்குள் ஒளிந்துதான் லண்டன் போனவர். அகதி மனுப் போட்டுத்தான் அந்தக் கடவுச்சீட்டை எடுத்தவர். அதைச் சொன்னால் அவர் மனைவி நிரஞ்சனி மச்சாளின் முகம் கறுத்துப்போகும்.

இதையெல்லாம் நான் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்திருப்பேன். அவர் பேனாட்டுக்குச் செய்ததைத்தான் மன்னிக்கமாட்டேன்.

எங்கள் மகளின் உறுதிப்பூசுதல் விருந்தில் பேனாட் மைக்கைப் பிடித்துப் பங்குச் சுவாமிக்குப் பிரெஞ்சில் நன்றி சொன்னார். பாவம், நாலு நாள் கண்ணாடிக்கு முன்னால் நின்று பாடமாக்கியது. மூன்றாவது வசனத்தில் தடக்குப்பட்டது. உடனே றெக்ஸ் எழுந்து வந்து மைக்கை வாங்கி, "மன்னிக்கவேணும் ஃபாதர், என்ரை மச்சான் அகதியா வந்தவர். நாங்கள் பிரிட்டிஷ், நான் இங்கிலிஷிலை சொல்லுறன்" என்றார். மண்டபமே சிரித்தது. பேனாட்டும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அதற்குப் பிறகு அவர் தமிழ்ப் பூசையில் வாசகம் வாசிக்கப் போவதையும் விட்டுவிட்டார். கேட்டால் தொண்டை சரியில்லை என்பார்.

அன்றிலிருந்து நான் நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். சபையில் வாங்கிக் கட்டியதைச் சபையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும், அதைப் பேனாட் தன் கண்ணால் பார்க்க வேண்டும். வேறொன்றும் எனக்கு வேண்டாம்.

போன ஜூனில் றெக்ஸே போன் எடுத்தார். அவர்கள் இருப்பது இல்-பிசாரில், அமைதியான தீவில், தனி வீடு. வீட்டிலிருந்தே லண்டன் கம்பனிக்கு வேலை செய்கிறவர். பிரெஞ்சில் "மெர்சி"க்கு மேல் தெரியாது.

"கத்தரின், வாற இருபத்திநாலாந் தேதி எங்கட றோட்டிலை ஸ்நாபக அருளப்பர் திருநாள் கொண்டாடுகினமாம். வெள்ளைக்காரருக்கு இவ்வளவு விசுவாசம் இருக்கெண்டு நான் நினைக்கேல்லை. ரண்டு வசனம் பிரெஞ்சிலை பேசவேணும். நீர் கார்டெறிப் பள்ளியிலை சின்னப் பிள்ளையளுக்குப் பிரெஞ்சு படிப்பிக்கிறனீர்தானே, சொல்லித்தாரும்."

எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருந்தது. அது இந்தக் கியூபெக் மாகாணத்தின் தேசிய நாள். பெயர் மட்டும்தான் அருளப்பருடையது. மற்றதெல்லாம் பியரும் பாட்டும் நீலக் கொடியும். இங்கே வந்த வருடம் நானும் நாட்காட்டியைப் பார்த்துச் சேலை கட்டிக்கொண்டு கோவிலுக்குப் போய், காலி வாங்குகளைப் பார்த்துவிட்டு வந்தவள்தான். வேறு யாரென்றாலும் சொல்லித் திருத்தியிருப்பேன்.

"ஓம் அண்ணை, வடிவாச் செய்யலாம்" என்றேன். "திருநாள் எண்டபடியா இடைக்கிடை நற்கருணைச் சொல்லுகள் சேர்க்கவேணும். நாங்கள் ஆமென் சொல்லுற மாதிரி. பேழைக்குத் தபர்நாக். கிண்ணத்துக்குக் கலிஸ். அப்பத்துக்கு ஓஸ்தி. நல்லா அழுத்திச் சொல்லவேணும்."

நான் பொய் சொல்லவில்லை. அந்தச் சொற்களின் அர்த்தம் அதுதான். ஆனால் இங்கத்தைய ஆட்கள் கோவிலோடு கோபித்துக்கொண்டு, பீடத்தில் இருந்த சாமான் எல்லாவற்றையும் தூசணமாக்கி வைத்திருக்கிறார்கள். இவற்றைவிடப் பச்சையான தூசணம் கியூபெக்கில் கிடையாது. றெக்ஸ் இரண்டு கிழமையாக ஒவ்வொரு பின்னேரமும் போனில் ஒப்புவித்தார். உச்சரிப்பை நான் கவனமாகத் திருத்திக் கொடுத்தேன்.

பேனாட் வரமாட்டேன் என்றுதான் நின்றார். இழுத்துக்கொண்டு போனேன். றோட்டை மறித்து மேசைகள் போட்டிருந்தார்கள். றெக்ஸ் பிரிட்டிஷ் கொடி போட்ட கழுத்துப்பட்டியோடு நின்றார். பாட்டு நின்றதும் கதிரையில் ஏறி, நெஞ்சில் கை வைத்து, ஒரு சொல் பிசகாமல் பிரெஞ்சில் சொன்னார்:

"அன்பான அயலவர்களே, தபர்நாக்! இந்தப் புனித நாளில், ஓஸ்தி, உங்களோடு நிற்பதில், கலிஸ், என் மனம் நிறைகிறது, தபர்நாக்!"

ஒரு தாய் பிள்ளையின் காதைப் பொத்தினாள். நான் பேனாட்டின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு சந்தோஷம் எனக்கு!

பிறகு பக்கத்து வீட்டுத் தாடிக்காரர் வெடித்துச் சிரித்தார். அவரைத் தொடர்ந்து றோட்டே சிரித்தது. அவமானப்படுத்துகிற சிரிப்பில்லை அது. தாடிக்காரர் றெக்ஸைக் கதிரையிலிருந்து தூக்கி இறக்கி, கழுத்துப்பட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, நீலக் கொடியைத் தோளில் போட்டார். "இவன் எங்கட ஆள்!" என்று பிரெஞ்சில் கத்தினார். "இன்னொருக்காச் சொல்லு!" றெக்ஸ் இன்னொருமுறை சொன்னார். பியர் வந்தது. ஆளுக்கு ஆள் கட்டிப்பிடித்தார்கள்.

நான் வீட்டிலிருந்து பொரித்துக் கொண்டுபோன ரோல்ஸ் தட்டோடு நின்றேன். ஒரு பெண் வந்து, காது கேட்காதவருக்குச் சொல்வதுபோல் ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக, எந்த நாடு என்று கேட்டாள். இருபத்திரண்டு வருடமாக இங்கேதான் என்று நல்ல பிரெஞ்சில் சொன்னேன். "அடடா, எவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்கள். சரி, உண்மையில் எங்கேயிருந்து?" என்றாள்.

திரும்பும்போது காரில் நான் ஆத்திரத்தில் பொருமிக்கொண்டு வந்தேன். பாலம் தாண்டியபின் பேனாட் கேட்டார், "நீர்தானே சொல்லிக் குடுத்தனீர்?"

"ஓம். உங்களுக்காகத்தான். அந்தாளை எல்லாருக்கும் முன்னாலை நாறடிக்கவேணுமெண்டு."

"அந்தச் சொல்லெல்லாம் எனக்கும் தெரியும், கத்தரின். வெயர்ஹவுசிலை இருவது வருசமாக் கேட்கிறன். எல்லாரும் சொல்லிச் சிரிப்பினம். எனக்கும் நாக்கு நுனி வரைக்கும் வரும்."

"பேந்தேன் நீங்கள் சொல்லேல்லை?"

"தான் அகதியா வந்ததை அத்தான் மறந்துபோனார். அதாலை அவர் சொன்னாப் பகிடி. நான் சொன்னா, அதே ஆக்களுக்குத் தூசணம் கதைக்கிற அகதி."

அதுவரை றெக்ஸ் ஒருவர் மேல்தான் எனக்குக் கோபம் இருந்தது.